கட்டும் அலைகரையும்

வன்னி நிலத்திற் பிறந்தோர்க்குக் குளத்தின் இலக்கணங் கூறவேண்டுவதில்லை. எனினும், ஒரு குளத்துக்கு இருவகைக் கரை உண்டு என்பதும், அவை தம்முள் முற்றும் மாறுபட்ட இயல்பின என்பதும் நாம் நாளுங் கண்டுங் கருதாது விட்ட செய்திகளாம். ஒன்று கட்டு, மற்றையது அலைகரை. சோளகக் காற்று எழுங்காலத்தில் இரணைமடுவின் வடபாலமைந்த கட்டின்மேல் நின்று நோக்குக. தெற்கிருந்து வரும் அலை, கட்டின் உட்சரிவிற் பதித்த கற்களில் மோதுகின்றது. கற்கள் அதன் வலியில் ஒரு பங்கை உடைக்கின்றன. எஞ்சிய பங்கு மீளுகின்றது. மீளும் அலையும் பின்வரும் அலையும் எதிர்ப்பட்டவிடத்து, நீர் முன்னுஞ் செல்லாது பின்னுஞ் செல்லாது, நின்ற இடத்திலேயே எழுந்து தாழ்கின்றது. வாடைக்காலத்தில் அதே குளத்தின் அலைகரைக்குச் சென்றாற் காட்சி வேறு. இடுப்பளவு நீர் முழங்காலளவாகி, கணுக்காலளவாகி, சம்புங் கோரையுஞ் செறிந்த சேறாகி, மருதமரத்து வேர்களிடையே வெறும் ஈரமாகி முடிகின்றது. அங்குச் சென்ற அலை மீள்வதில்லை. அஃது எவ்விடத்தில் முடிந்தது என்று விரல்சுட்டிக் காட்டவும் ஒருவராலும் இயலாது.

இவ்வேற்றுமையே இன்றைய விஞ்ஞானத்தின் ஒரு துறையில் அறிஞர் பலரை அரை நூற்றாண்டுக்கு மேலாக அலைக்கழித்து வருகின்றது என்றாற் சிலர் வியப்பர். நீரினதும் காற்றினதும் ஓட்டத்தைக் கணினியிற் கணித்துக் காட்டுந் துறை அது. ஆழிப்பேரலை எவ்வளவு தூரம் ஏறும், வெள்ளம் எவ்வூரைச் சூழும், துறைமுகத்தில் எத்துணை அலை புகும் என்பனவெல்லாம் இன்று அவ்வழியே கணிக்கப்படுகின்றன. தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் என்ன வேலை என்று கணித ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். கணக்கைச் செய்வது எம் வேலையன்று. ஆயின், அக்கணக்கின் முடிவு நிறந்தீட்டிய படமாகி, அலுவலகச் சுவரிலே தொங்கி, இன்னார் இங்கே வீடு கட்டலாம், இன்னார் கட்டலாகாது என்று சொல்லத் தொடங்கும்போது, அதனைப் படித்துப் பொருள்கொள்ளும் வேலை எல்லார்க்கும் உரியதாகின்றது. பொருள்கொள்ளுதல் எம் தொழில்.

கடலைக் கணினிக்குள் எவ்வாறு அடைக்கின்றனர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கமக்காரன் தோட்டத்தை வரம்பிட்டுப் பாத்திகளாக வகுப்பதுபோல, கணிப்போர் கடற்பரப்பைச் சிறுசிறு கட்டங்களாக வகுக்கின்றனர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம், நீர்மட்டம், ஓடும் வேகம் ஆகியவற்றைக் குறிக்கின்றனர். பின்னர்ச் சில விநாடிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு கட்டமும் தன் அயற்கட்டங்களிலிருந்து எவ்வளவு நீரைப் பெற்றது, அவற்றுக்கு எவ்வளவைக் கொடுத்தது என்று கணக்குப் பார்க்கின்றனர். இக்கொடுக்கல் வாங்கலைப் பல்லாயிரந் தடவை செய்தால் அலை நகர்வது தோன்றும். நடுவிலுள்ள கட்டங்களுக்கு இதில் இடரில்லை; அவற்றுக்கு நாற்புறமும் அயலார் உண்டு. விளிம்பிலுள்ள கட்டத்துக்கோ ஒருபுறத்தில் அயலார் இல்லை. மெய்யான கடல் அங்கே முடியவில்லை. கணிப்போரின் தாளே அங்கு முடிந்தது. அவ்விளிம்புக் கட்டத்துக்கு யாது சொல்வது?

அப்பால் நீர் செல்லாது என்று சொன்னால், அவ்விடத்திற் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டு எழுந்துவிடும். அலை அதில் மோதி, மோதுமிடத்தில் இருமடங்கு உயர்ந்து, அவ்வண்ணமே திரும்பி வரும். அப்பால் நீர்மட்டம் எப்பொழுதும் இவ்வளவே என்று நிலைநிறுத்தி வைத்தாலும் அலை திரும்பும். ஆனாற் புரண்டு திரும்பும். மேடாய்ச் சென்றது பள்ளமாய் வரும். முதலாவது பிழையை எவரும் விரைவிற் கண்டுகொள்வர். இரண்டாவது நன்கு படித்தோரையும் ஏய்ப்பது. ஏனெனில் மாறாத மட்டம் என்பது பார்வைக்குப் பரந்த கடலைப் போலவே இருக்கின்றது. இவ்வாறு, கடலில் இல்லாத சுவரிற் பட்டுத் தெறித்து வருவதை நாம் பொய்யலை என்போம். அலையைத் தெறிக்கவிடாது வெளியே போகவிடும் விளிம்பைத் திறந்த எல்லை என்பர்.

ஒலியிலும் இஃது உண்டு. நாற்புறமும் அடைத்த மண்டபத்தில் மேளம் முழங்கினால், எதிரொலி செவியை நிறைத்து, எது மேளம் எது சுவர் என்று அறியாதபடி மயக்கும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வெளியில் நந்திக்கடலை நோக்கி அதே மேளம் முழங்கும்போது, போன ஒலி போனதுதான். கணிப்போர் வேண்டுவது வற்றாப்பளை வெளியை; கணினி அவர்கட்குக் கொடுப்பது அடைத்த மண்டபத்தை.

இனி எம் கரைக்கு வருவோம். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள், அக்காலத்து இலங்கை நேரப்படி காலை 6 மணி 59 நிமிடமளவில், சுமாத்திராவின் மேற்குக் கடலடியில் நிலம் பெயர்ந்தது. அப்பெயர்ச்சி அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு நிகழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நம் கீழைக் கரையை அடைந்தது. முல்லைத்தீவு நகரும் அதன் அயலூர்களும் அன்று பட்ட பாட்டை இங்கு மீள எழுதவேண்டியதில்லை. அன்றைய இழப்பை அறியாத குடும்பம் அக்கரையில் இல்லை.

இத்தகைய நீண்ட அலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலாற் பெருக்கி வர்க்கமூலங் கண்டால் வேகம் வரும். 4,000 மீற்றர் ஆழத்தில் விநாடிக்கு 198 மீற்றர், அஃதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர் மட்டுமே. முல்லைத்தீவுக்கு வரும் அலையைக் கணிக்க விரும்பிய ஒருவர், கணினியின் சிறுமை கருதியோ காலச் சுருக்கங் கருதியோ, கரையிலிருந்து 60 கிலோமீற்றர் கிழக்கே கடலை வெட்டி, வெட்டிய இடத்தைச் சரிவரத் திறவாது விட்டார் என்று கொள்வோம். இடைப்பட்ட கடலின் ஆழம், கணக்கின் எளிமை நோக்கி, 1,000 மீற்றர் என்க. அலை விநாடிக்கு 99 மீற்றர் செல்லும். கரையிற் பட்டு மீண்ட அலை பத்து நிமிடத்தில் அப்பொய்ச்சுவரை அடையும். மேலும் பத்து நிமிடத்திற் கரைக்குத் திரும்பும். ஆகவே முதலலை வந்து இருபது நிமிடங் கழித்து இரண்டாம் அலை ஒன்று படத்தில் எழும். நாற்பதாம் நிமிடத்தில் மூன்றாவது எழும். அவை வங்கக் கடலிற் பிறந்தவையல்ல; கணிப்போரின் மேசையிற் பிறந்தவை.

உண்மையான இடர் இனித்தான் வருகின்றது. அன்று கரையில் நின்று தப்பியோர் பலர், அலை ஒரு தடவையன்று, பல தடவை வந்ததென்றே கூறினர். அது மெய். ஆழிப்பேரலை ஓரலையன்று, பல அலைகளின் வரிசை. ஆகவே படத்தில் இரண்டாம் அலை தோன்றக் கண்டதும், மக்கள் சொன்னது கணக்கிலும் வந்துவிட்டதென்று கணித்தவர் மகிழ்வர். சாட்சி மெய், கணக்குப் பொய், ஆயினும் இரண்டும் ஒத்துப்போகின்றன! சாட்சியோடு மாறுபடும் பொய்யை ஆராய்வோர் உடனே தேடிப் பிடிப்பர். சாட்சியோடு ஒத்துப்போகும் பொய்யை எவருந் தேடுவதில்லை. அது படத்தோடு படமாக அச்சேறிவிடும்.

இதனால் யாருக்கு என்ன கேடு என்பாரும் உளர். 2004 இன் பின்னர் அரசு கடலோரத்தில் வீடு கட்டலாகாத வலயம் ஒன்றை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஊருக்கு ஊர் உள்ள மேடுபள்ள வேறுபாட்டைக் கருதாத எண்கள் அவை. கரையிலிருந்து 200 மீற்றர் என்பது கொழும்பிற் படம் வரைவோர்க்கு ஒரு கோடு. முல்லைத்தீவு மீனவனுக்கோ வள்ளத்துக்கும் வீட்டுக்கும் இடையே நாளும் நடக்கவேண்டிய தூரம். 2009 இன் பின்னர் மீளக் குடியேறியோர் பலர் அக்கரையிலேயே மறுபடியும் வீடு கட்டினர். இனி ஒரு கோடு இடப்படுமாயின் அஃது ஊர்தோறுஞ் செய்த கணிப்பை அடிப்படையாகக் கொண்டே இடப்படல் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனாற் பொய்யலை புகுந்த கணிப்பு, கோட்டை நிலத்தின் பக்கந் தள்ளினால் ஏழையின் காணி வீணே போகும். புரண்டு வந்த பொய்ப்பள்ளம் மெய்யலையின் மேட்டைத் தின்று, கோட்டைக் கடலின் பக்கந் தள்ளினால் உயிர் போகும்.

கோடு மட்டுமன்று, நேரமும் இக்கணிப்பையே சார்ந்திருக்கின்றது. இந்தியாவில் ஐதராபாத்து நகரில் 2007 முதல் இயங்கும் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம், முன்கூட்டியே கணித்துவைத்த பலவகை நிலநடுக்க நிலைமைகளிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்தே எந்தக் கரைக்கு எப்பொழுது அலை வரும் என்று அறிவிக்கின்றது. 2012 ஏப்பிரல் 11 ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம் ஏற்பட்டபோது, இலங்கையின் கரையோர மக்கள் உள்நாடு நோக்கிப் பெயர்ந்தனர். அன்று பேரலை எழவில்லை. ஆயினும் அத்தகைய நாளில் மக்கள் கேட்கும் வினாக்கள் இரண்டு: எப்பொழுது ஓடவேண்டும், எப்பொழுது திரும்பலாம். முதல் வினாவுக்கு முதலலையின் கணிப்புப் போதும். அதிற் பொய்யலை புகுதற்கு நேரமில்லை. இரண்டாம் வினாவுக்கோ பின்னலைகளின் கணிப்பு வேண்டும். விளிம்பிற் செய்த பிழை முழுதும் வந்து சேரும் இடம் அதுவே. வீட்டில் மாட்டை அவிழ்க்காது ஓடிவந்தவன் எத்துணை நேரம் கோயில் மண்டபத்திற் பொறுத்திருப்பான் என்பதை எண்ணுவோர்க்கு இதன் அருமை விளங்கும்.

பொய்யலையை நீக்க அறிஞர் கண்ட வழிகளைச் சுருங்கக் கூறுவோம். மூலத்திலிருந்து புறப்பட்டது வெளியே செல்லலாம், முடிவிலியிலிருந்து எதுவும் உள்ளே வரலாகாது என்னும் நிபந்தனையை 1912 இல் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் சொமர்பெல்ட் வகுத்தார். அதனைக் கணினிக் கட்டங்களுக்கு ஏற்றவாறு 1976 இல் ஒர்லான்ஸ்கி அமைத்தார். விளிம்பை நோக்கி வரும் அலையின் வேகத்தை உள்ளேயுள்ள அயற்கட்டங்களைக் கொண்டே அறிந்து, அவ்வேகத்திலேயே அதனை வெளியே அனுப்புவது அவர் வழி. அதே ஆண்டில் வடமேற்கு ஐரோப்பியக் கடலின் வற்றுப்பெருக்கைக் கணித்த பிளாதர், நீர்மட்டத்தையும் ஓட்டத்தின் வேகத்தையும் ஒருங்கே இணைத்த விதி ஒன்றைக் கையாண்டார். வெளியிலிருந்து வரவேண்டிய வற்றுப்பெருக்கு உள்ளே வரும். உள்ளெழுந்த அலை வெளியே போகும். வருவாரை வரவேற்றுப் போவாரை வழியனுப்பும் வாயில் எனலாம். கடற்கணிப்பில் இன்றும் பெரிதும் வழங்குவது அவ்விதி.

ஆயின் அலை எப்பொழுதும் நேரே வந்து விளிம்பைத் தொடுவதில்லை. நேரே வந்ததை எளிய விதி முற்றாக வெளியேற்றும். நேர்நிலையிலிருந்து 30 பாகை சாய்ந்து வந்தால், அலையுயரத்தில் நூற்றுக்கு 7 பங்கு தெறிக்கும்; 45 பாகையில் 17 பங்கு; 60 பாகையில் 33 பங்கு. கதவு திறந்திருப்பினும் சாய்ந்து நுழைபவனின் தோள் நிலையில் இடிப்பது போன்றது இது. 1977 இல் எங்குவிஸ்ற், மஜ்தா என்னும் இருவர் இதனைக் குறைக்கும் உயர்படி விதிகளைத் தந்தனர். அவற்றுள் இரண்டாம் படியிலேயே 45 பாகைத் தெறிப்பு 3 பங்காகக் குறைகின்றது. படி உயர உயரக் கணக்கின் சிக்கலும் உயரும்.

மற்றொரு வழி நம்மவர்க்கு மிக அணித்தானது. விளிம்பிற் கதவு வைப்பதற்குப் பதிலாக, விளிம்பையொட்டி அகன்ற பட்டை ஒன்றை விட்டு, அதனுட் புகும் அலையைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி ஒழிப்பது. ஆங்கிலேயர் இதற்குக் கடற்பஞ்சின் பெயரை இட்டு வழங்குகின்றனர். நாம் அதனைப் பஞ்சடுக்கு என்று மொழிபெயர்க்கத் தேவையில்லை. எம் கமக்காரர் நாவில் அலைகரை என்னுஞ் சொல் இருக்கின்றது. அதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை என்பது எம் துணிபு. பஞ்சு என்றால் உறிஞ்சுதல் மட்டுந் தோன்றும். அலைகரை என்றாலோ இப்பட்டைக்கு வேண்டிய இரண்டு இலக்கணங்களும் உடன் தோன்றும்.

முதலாவது, தளர்ச்சி மெல்லத் தொடங்கல் வேண்டும். ஆழ்நீரின் நடுவே திடீரென நெருங்கிய நாணற்காடு எழுந்தால் அலையின் ஒரு பங்கு அதன் முகப்பிலேயே தெறிக்கும். அவ்வாறே தளர்ச்சியைத் திடீரெனத் தொடங்கினால், அலையை விழுங்க வைத்த பட்டையே சுவராகிவிடும். சுவரே இல்லாதவிடத்தும் திடீர் மாற்றம் அலையைத் திருப்ப வல்லது. கடலடி 4,000 மீற்றரிலிருந்து 100 மீற்றருக்குச் செங்குத்தாக உயருமாயின், வந்த அலையுயரத்தில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் அப்படியிலேயே தெறித்து மீளும் என்று கணக்குக் காட்டுகின்றது. இரண்டாவது, அகலம் வேண்டும். அலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க அகலம். குளத்தலையின் நீளம் சில அடியே. ஆதலிற் சில பாகம் சம்பு அதற்குப் போதும். அரைமணிக்கு ஒன்றாக வரும் ஆழிப்பேரலையின் நீளமோ 4,000 மீற்றர் ஆழத்தில் 350 கிலோமீற்றருக்கு மேல். அதற்கேற்ற அலைகரை இலங்கைத் தீவின் நீளத்தை நெருங்கும். எக்கோணத்தில் வரும் அலையும் முகப்பிலே தெறிக்காத அடுக்கொன்றை 1994 இல் பிரெஞ்சு அறிஞர் பெரஞ்சே மின்காந்த அலைகளுக்கென வகுத்தார். பின்வந்தோர் அதனைப் பாய்மங்களுக்கும் ஏற்றினர். அதன் கணிதம் இம்மலருக்கு அப்பாற்பட்டது.

இத்துணைத் தொல்லை எதற்கு, எல்லையை மிகத் தொலைவில் வைத்தாலென்ன என்று மாணவர் வினவலாம். நல்ல வினா. கடலின் நீளத்தையும் அகலத்தையும் இருமடங்காக்கினாற் கட்டங்கள் நான்கு மடங்காகும். கணினி நான்கு மடங்கு உழைக்கவேண்டும். அவ்வாறு செய்தும் பொய்யலை ஒழிவதில்லை. பிந்தி வரும், அவ்வளவே. வாங்கிய மென்பொருள் இவற்றையெல்லாந் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்வாரும் உளர். மென்பொருள் பல விதிகளை அடுக்கி வைத்திருக்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிவது மனிதன். தெரியாது விட்டால், அதிலே முன்பே இருப்பது எதுவோ அதுவே நடக்கும். பல வேளைகளில் அது சுவர்தான்.

இனி, இதற்கு மறுதலையான பிழை ஒன்றையுஞ் சொல்லாவிட்டால் நாம் ஒருபக்கச் சார்பாக எழுதியோராவோம். திரும்பும் அலையெல்லாம் பொய்யலை அன்று. 2004 இல் தீவின் தெற்கைச் சுற்றி வளைந்து மேற்குக் கரையை அடைந்த அலைக்குப் பின்னர், மாலைதீவுத் தொடரிற் பட்டு மீண்ட அலையும் அக்கரைக்கு வந்தது என்று கொழும்பு நீர்மட்டப் பதிவுகளை ஆராய்ந்தோர் கண்டனர். மாலைதீவுக்குக் கிழக்கே கடலை வெட்டி, அங்கே பழுதற்ற திறந்த எல்லையை வைத்தவர் பொய்யலையை முற்றாக நீக்கியிருப்பார். அதனோடு மெய்யலை ஒன்றையும் நீக்கியிருப்பார். முல்லைத்தீவுக்கு வடமேற்கே சோழமண்டலக் கரை கிடக்கின்றது. அதிற் பட்டு மீள்வது நம் கரைக்கு எவ்வளவு வருகின்றது என்று பாராமல், இலங்கை இந்தியக் கடல் எல்லைக் கோட்டிலேயே கணக்கை வெட்டிவிடுதல் அலுவலகத்துக்கு வசதியாகலாம். 1974 ஆம், 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளை அலை படித்ததில்லை. எல்லையை எங்கே வைப்பது என்பது கணிதத்தின் வினா மட்டுமன்று. அவ்விடத்தை அறிந்தோரிடங் கேட்கவேண்டிய வினா.

இக்கூற்றுக்கு எம் தொடுவாய்களே சான்று. தொடுவாய் என்னுஞ் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் கொக்குத்தொடுவாய். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகள் கடலோடு கூடும் வாய்கள் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையன அல்ல. மாரி வெள்ளத்தில் மணற்றிட்டு உடைந்தால் அவ்வாய் திறந்த எல்லை. கோடையில் மணல் மூடினால் அது கட்டு. கணிப்போர் எந்த மாதத்துப் படத்தைக் கொண்டு அவ்விளிம்பை வரைந்தனர்? வட்டுவாகலில் வலைவீசுவோர் இவ்வினாவுக்கு மறுமொழி சொல்வர். விண்ணிலிருந்து எடுத்த ஒரு நாட்படம் சொல்லாது.

ஆற்றுக்கும் இவ்விதி உண்டு. கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து வடக்கே ஓடிச் சுண்டிக்குளக் களப்பிற் சேர்கின்றது. 2018 டிசெம்பரிற் பெருமழை பெய்து இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல ஊர்கள் வெள்ளத்தில் நின்றன. அத்தகைய வெள்ளத்தைக் கணிப்போர், ஆற்றின் கீழ்முனையில் என்ன எழுதினர் என்பது முதன்மையானது. மெல்ல ஓடும் நீரிற் கீழே நிகழ்வது மேலேயும் உணரப்படும். சுண்டிக்குளத்தின் மட்டத்தை மாறாத எண்ணாக எழுதிவைத்தால், உயர்ந்து வரும் வெள்ளம் அங்கே புரண்டு தெறித்து, மேலுள்ள ஊர்களின் மட்டத்தைக் குறைத்துக் காட்டும். களப்பே நிரம்பி உயர்ந்த நாளில், வெள்ளம் தங்காது ஓடிவிட்டதாகப் படஞ் சொல்லும். வயல் மூழ்கியவன் அப்படத்தைப் பார்த்து நகைப்பதன்றி வேறென் செய்வான்?

நாம் வேண்டுவது பெரிதன்று. ஆழிப்பேரலைக்கோ வெள்ளத்துக்கோ வரைந்த எந்தப் படமும் எம் மாவட்டங்களில் மக்கள் முன் வைக்கப்படும்போது, அதன் அடியிலே தமிழில் நான்கு வரி இருத்தல் வேண்டும். கடல் அல்லது ஆறு எங்கே வெட்டப்பட்டது, வெட்டிய இடத்தில் என்ன விதி இடப்பட்டது, அதனைச் சோதித்தனரா, வெளியிலிருந்து மெய்யாகத் திரும்பும் அலை கருதப்பட்டதா. சோதனை அரியதன்று. ஒரே கணக்கை முதலிற் சிறு கடலிலும், பின்னர் நான்கு மடங்கு பரந்த கடலிலும் செய்து, பெருங்கடலின் விளிம்பிலிருந்து எதுவுந் திரும்பிவர நேரமில்லாத அளவுக்கு இரண்டையும் ஒப்புநோக்கினாற் போதும். இரண்டின் வேற்றுமையே சிறு கடலின் பொய்யலை. எத்தனை சதமமீற்றர் என்று எண்ணாற் சொல்லிவிடலாம். அந்த எண்ணை மறைக்காது அச்சிடுதல் கணித்தவர்க்கு இழுக்கன்று.

இவ்வேலையைச் செய்தற்கு இன்று நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. இரணைமடுக் கட்டு அதற்கு மிக அண்மையது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. நம் கல்லூரியிலிருந்து அங்குச் செல்லும் மாணவர், அங்கு ஆங்கிலத்திற் கற்பதை இங்கு வந்து தமிழிற் சொல்லுதல் கடன். சொல்லுக்குப் பஞ்சமில்லை. தெறிப்பு, வீச்சம், எல்லை நிபந்தனை என்பன பள்ளிக்கூடப் பௌதிகத்திலும் கணிதத்திலும் முன்பே உள்ளவை. அலைகரையும் தொடுவாயும் ஊரில் உள்ளவை.

பழைய மாணவருட் பொறியியலாளராய் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருப்போர் பலர். இவ்விழாவின் நினைவாகக் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று அவர்கள் கேட்பதாக அறிகின்றோம். பெயர்பொறித்த பளிங்குக்கற்கள் கல்லூரியிற் போதிய அளவு உள்ளன. 3 மீற்றர் நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு அளிப்பாராயின் மிக்க பயன்படும். அதில் 10 சதமமீற்றர் ஆழத்துக்கு நீர் நிரப்பி ஒரு முனையிற் பலகையால் ஒருமுறை தள்ளினால், அலை விநாடிக்கு ஒரு மீற்றர் அளவிற் சென்று, மறுமுனைக் கண்ணாடியில் மோதி, ஆறாம் விநாடியில் திரும்பிவரும். பின்னர் அம்மறுமுனையிற் சிறு பருக்கைக் கற்களைச் சரிவாகக் குவித்து மீண்டுந் தள்ளுக. திரும்பி வருவது எவ்வளவு குறைந்தது, சரிவை நீட்டினால் இன்னும் எவ்வளவு குறையும் என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவரும் அளக்கலாம். தொட்டி வந்து சேருமாயின், கல் பொறுக்கும் வேலையை மாணவர் பார்த்துக்கொள்வர்.